பருந்துகள் இறங்கிய வயல்

கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்கு நான் போகும் பஸ் வயலோரத்தில் பழுதாகி நிற்கிறது. தூரத்தில் செம்பருந்துகள் வட்டமிட்டு இறங்குகின்றன. கையில் கயிற்றோடு ஒரு விவசாயி பதறி ஓடி வருகிறார். நேற்றிலிருந்து எருமையைக் காணவில்லையாம்.

"பிராந்து இறங்குது தம்பி. என்ட எரும செத்துப் போயித்து போல."

"நானும் வாறன் காக்கா." முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்றுதான் அழைப்போம்.

வரப்பில் அவர் பின்னால் நடக்கிறேன். புல்லுக்குள் இரண்டு பருந்துகள் நஞ்சுக்கொடியைக் கிழித்துத் தின்கின்றன. சற்றுத் தள்ளி எருமை நிற்கிறது. அதன் காலடியில் ஈரம் காயாத கன்று எழும்பப் பார்க்கிறது.

"அல்ஹம்துலில்லாஹ்!" அவர் சேற்றிலேயே உட்கார்ந்து அழுகிறார்.

பருந்துகள் கன்றைக் கொத்திவிடுமோ என்று நான் கல்லெடுக்கிறேன். அவர் என் கையைப் பிடிக்கிறார்.

"விடுங்க தம்பி. அதுகள்தானே எனக்கு வழி காட்டின. வயிறாரத் தின்னட்டும்."