அலங்காரம் என்ற பெயர் அவருடையதன்று

"அம்மா, நம்ம அலங்காரம் சார் காலையில தவறிட்டாருங்க. சாயங்காலம் அடக்கமுங்க."

ஃபேர்லேண்ட்ஸில் உள்ள என் வீட்டு வாசலில் நின்று, பழைய அலுவலக ஊழியர் பழனி இச்செய்தியைச் சொன்னார். சவரிமுத்து என்னும் இயற்பெயரை அவர் சொல்லவில்லை. அன்று மாலை சூரமங்கலத்துக் கல்லறைத் தோட்டத்தில் கூடிய நம்மில் பலரும் சொல்லவில்லை. ஆகவே, அவரை அறிந்த உங்கள் அனைவருக்கும் அந்தப் பட்டப்பெயரின் வரலாற்றை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளுக்கு எங்கள் ஊரிலிருந்தே சுங்கப் பத்திரங்கள் தயாரிக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. எந்தச் சரக்கு எந்த இனத்தில் சேரும் என்று சவரிமுத்து சுங்க வரியைச் சொல்லும் தீர்வை அட்டவணையைப் பார்த்துக் குறித்துத் தருவார். நான் தட்டச்சு செய்வேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். ஆங்கிலத்தை அகராதியின் துணைகொண்டு நானே கற்றேன். அந்தப் பெருமிதம் என் விரல்களிலும் குடியிருந்தது; எளிய பொருளுக்கும் நாலு அடைமொழி சேர்த்தே அடிப்பேன். "ஏனுங்க்கா, ஆணி மூட்டைக்கு எதுக்குங்க இத்தன சீர்வரிசை? கட்டிக் குடுத்தா அனுப்பறோம்?" என்று அவர் கேலி செய்வார். என்னினும் நான்கு வயது இளையவர் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தியதில்லை.

ஐம்பதுகளின் இறுதியில், கன்னியர் நடத்திய கண் மருத்துவமனை ஒன்றுக்கு வெளிநாட்டு அன்பர்கள் மரத்தாலான சன்னல் திரைகளை அனுப்பினர். மெல்லிய மரத்தகடுகளைக் கயிற்றில் கோத்துச் செய்தவை; கயிற்றை இழுத்தால் அறையின் வெளிச்சம் குறையும். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் படுத்திருக்கும் அறை மேற்குப் பார்த்தது. பங்குனி வெயிலுக்கு முன் திரைகள் வேண்டும் என்று கன்னியர் தலைவியான மதர் நேரில் வந்து கேட்டுக்கொண்டார்.

சவரிமுத்து "மரச் சன்னல் திரை" என்று மட்டும் குறித்துத் தந்தார். கடல் கடந்து வரும் பொருளுக்கு அது மிக வறிய வருணனையாக எனக்குத் தோன்றியது. "கலைநயம் மிக்க அறையலங்கார மரத்திரைகள்" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை, அவரைக் கேளாமலே அடித்தேன். அவர் என்னை நம்பிக் கையெழுத்திட்டார்.

அந்நியச் செலாவணி தட்டுப்பாடான காலம் அது. அலங்காரப் பொருள்களை எளிதில் உள்ளே விடமாட்டார்கள். சுங்க அதிகாரி நாங்கள் எழுதியதையே ஆதாரமாகக் கொண்டு, திரைகளை அலங்காரப் பொருள்களின் இனத்தில் சேர்த்து நிறுத்திவைத்தார். பறிமுதல் செய்யப்படலாம் என்று கடிதம் வந்தது.

"எவன்யா இத எழுதினது? ஆஸ்பத்திரிக்கு என்னய்யா அலங்காரம்?" என்று மேலாளர் இரைந்தார். சவரிமுத்து ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "நான் சொல்லித்தானுங்க அக்கா அடிச்சாங்க" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று அஞ்சினேன். என் ஆங்கிலம் நகைப்புக்கு இடமாகும் என்ற அச்சம் அதனினும் பெரிதாக இருந்தது.

"மருத்துவக் கருவின்னு மாத்தி எழுதுய்யா. தீர்வையும் மிச்சம்" என்றார் மேலாளர். "மெருகு போட்டதுக்கே இந்தப் பாடுங்க. பொய்யும் போட்டா பொட்டி தாங்காதுங்க" என்று மறுத்துவிட்டு, சவரிமுத்து சென்னைக்கு ரயிலேறினார்.

அங்கே அவர் வாதாடவில்லை. "காயிதத்துல நாங்க தப்பா எழுதிட்டோமுங்க. பொட்டியத் தொறந்து ஒருக்காப் பாருங்க" என்று மட்டும் கேட்டாராம். பெட்டி திறக்கப்பட்டது. செதுக்கல் இல்லை, வண்ணம் இல்லை. அதிகாரி அவற்றைச் சாதாரண மரச்சாமான்களின் இனத்துக்கு மாற்றினார். உரிய தீர்வையை மருத்துவமனை செலுத்தியது. பங்குனி பிறக்குமுன் திரைகள் ஏறின. சவரிமுத்துவுக்கு அவ்வாண்டு ஊதிய உயர்வு இல்லை. அலுவலகம் அவருக்கு "அலங்காரம்" என்று பெயர் சூட்டியது. யார் அப்படி அழைத்தாலும் "வாரேனுங்க" என்று எழுந்து போவார்.

சென்னையிலிருந்து திரும்பிய அன்று, பெட்டிக்குள் முறிந்து கிடந்த ஒரு மரத்தகட்டை என் மேசைமீது வைத்தார்.

"இது என்னன்னு சொல்லுங்க்கா, பாக்கலாம்."

"மெல்லிய, வழுவழுப்பான..." என்று தொடங்கினேன்.

"மரமுங்க" என்றார். சிரித்துக்கொண்டே தம் இடத்துக்குப் போய்விட்டார். அவர் என்னைக் கண்டித்தது அவ்வளவே.

உண்மையை மேலாளரிடம் சொல்ல வேண்டுமென்று பல முறை எண்ணினேன். மேலாளர் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன், சொல்லவில்லை. அடக்கத்தன்று சவரிமுத்துவின் மனைவி ரீத்தா என் கையைப் பற்றிக்கொண்டு, "அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டா சிரிப்பாருங்க்கா. கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்க" என்றார். வீட்டிலும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

ரீத்தா அம்மையாரே, உடன் பணியாற்றியவர்களே, அந்தத் தொடரை எழுதியவள் நான். முறிந்த மரத்தகடு இன்றும் என் மேசையில் இருக்கிறது. இந்தத் தாளுக்கும் அதை வைத்தே கோடு போட்டேன். கல்லறைக் கல்லில் சவரிமுத்து என்று மட்டும் பொறியுங்கள். இனி யாரேனும் "அலங்காரம்" என்று அழைத்தால், நான் எழுந்து வருகிறேன்.