நாங்கள் வராத பழனிப் பாதை

அந்த நாட்களில் கொச்சி விமான நிலையத்தில் இறங்கிய ஒருவர் எல்லை தாண்டி எங்கள் போடிநாயக்கனூருக்கு வந்துசேர இரண்டு வழிகள் இருந்தன. தெற்கே சுற்றிக் குமுளியில் எல்லையைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குவது ஒன்று. நேரியமங்கலம் பாலம் தாண்டி, அடிமாலி, மூணாறு, பூப்பாறை என்று ஏலமலையைக் குறுக்காக ஏறிப் போடிமெட்டில் எல்லையைக் கடப்பது மற்றொன்று. என் மைத்துனனை நான் அழைத்துவந்தது இந்த இரண்டாம் வழியில். ஊராரிடம் சொன்னதோ மூன்றாவது ஒரு வழி. பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி என வடக்கே சுற்றிவரும் அந்தப் பாதையில் எங்கள் கார் அன்று ஒரு மைல்கூட ஓடவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் பட்டம் பெற்று வந்தவன் என்பதால் ஊரில் மனு, விண்ணப்பம், சமாதானக் கடிதம் எதுவானாலும் என்னிடம் எழுத வருவார்கள். எழுதியதில் பொய்யாக ஒரு சொல்லும் இராது என்ற பெயர் எனக்கு உண்டு. அந்தப் பெயரை நான் சாதாரணமாகக் காத்துவரவில்லை. உடன்பிறந்தவர்களிடமே அதற்காக மனத்தாங்கல் கொண்டிருக்கிறேன்.

என் மாமியாருக்குப் பாரிசவாயு வந்து வலப்பக்கம் விழுந்தபோது, தந்தி எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்தது. மைத்துனன் வளைகுடாவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளன். ஏலத்தோட்டம் இரண்டு கோடைகளில் அடுத்தடுத்துக் கருகியபின் போனவன். அம்மையாருக்கு அவன் ஒரே மகன். "எம்மகன் மொகத்தப் பாத்துட்டாப் போதும்" என்பதைத் தவிர அவர் வேறு எதையும் கேட்கவில்லை. வைத்தியரும் நாள் சொல்ல மறுத்துவிட்டார்.

உள்ளதை உள்ளபடி எழுதினேன். தாய் கவலைக்கிடம், உடனே புறப்படவும். படித்துப் பார்த்த என் மனைவி தயங்கினாள். "உசுரோட இருக்காங்கன்னு ஒரு வார்த்த சேத்துருங்க" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் எழுதிய வாக்கியத்துக்குச் சாட்சி எதற்கு? தவிர, உயிரோடிருப்பவரை உயிரோடிருக்கிறார் என்று எழுதுவதே அமங்கலமாகப் பட்டது. அப்படியே அனுப்பினேன்.

எங்கள் பக்கத்தில் சாவைத் தந்தியில் சொல்வதில்லை. தொலைவில் இருப்பவன் அந்தச் செய்தியோடு தனியே பயணம் செய்யக் கூடாது என்று நோய் என்றே எழுதுவோம். அழைத்துவரப் போகிறவரும் வழிநெடுக அதையே சொல்லிக்கொண்டு வருவார். வீட்டு வாசலுக்கு வந்தபின்தான் வாய் திறப்பார்கள். இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் கையெழுத்துக்கு அது பொருந்தாது என்று நினைத்துவிட்டேன்.

மைத்துனன் பம்பாயில் விமானம் மாறிக் கொச்சிக்கு வருவதாகத் தந்தி வந்தது. ஊர் வாடகைக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு முதல்நாளே புறப்பட்டேன். ஓட்டுநர் எங்கள் தெருக்காரர், நாற்பது வயது, ஓயாத வாய். மறுநாள் காலை விமான நிலையத்தின் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றோம். பெட்டிகளோடு வந்தவர்களில் அவனைக் காணவில்லை. கடைசியாக வெளியே வந்த ஒரு மொட்டைத்தலை ஆள் எங்களை நோக்கி நடந்து வந்தபோதுதான் நடையை வைத்து அடையாளம் கண்டேன். மீசையும் இல்லை.

மொட்டையைக் கண்டதும் ஓட்டுநர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். துக்கம் கேட்கிற கோலம் அது. அவரை விலக்கிவிட்டு, உன் அம்மா உயிரோடு இருக்கிறார் என்று மைத்துனனிடம் சொன்னேன்.

"சரி மாமா" என்றான். அக்காள் கணவரை மாமா என்பது எங்கள் வழக்கம். அவன் கண்ணில் நம்பிக்கையும் இல்லை, கோபமும் இல்லை. அழைத்துப்போக வருகிறவர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார் என்று ஏற்றுக்கொண்டவன் போலக் காரில் ஏறினான்.

வழியில் விவரம் சொன்னான். தந்தி கிடைத்ததும் உடனிருந்த நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அவனைக் கடற்கரைக்கு அழைத்துப்போயிருக்கிறார்கள். எப்படியும் கொள்ளி வைக்க நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது, மகன் செய்யவேண்டியதை இங்கேயே செய்துவிடு என்று தலையையும் மீசையையும் மழித்து முழுக்காட்டிவிட்டார்கள். அதன்பின் நாட்டைவிட்டுப் புறப்பட அனுமதிச் சீட்டு கிடைக்க எட்டு நாள் ஆகியிருக்கிறது. அந்த எட்டு நாளும் தளத்தில் வேலைக்குப் போயிருக்கிறான். பம்பாயில் கருமாதியில் படைக்க ஒரு கோடிச்சேலையும், எரித்த இடத்தில் தெளிக்கப் பன்னீர்ச் சீசா ஒன்றும் வாங்கியிருக்கிறான். அவை காலடியில் ஒரு பையில் இருந்தன.

அம்மையார் உயிரோடிருக்கிறார் என்று மறுபடியும் சொன்னேன். அவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லாதவன் என்று பேரெடுத்த என்னை முதன்முதலாக ஒருவன் நம்பவில்லை. எவ்வளவு அழுத்திச் சொன்னேனோ அவ்வளவுக்கு அவன் முகம் இறுகியது.

நேரியமங்கலம் பாலத்தின்மேல் கார் ஊர்ந்தபோது திரும்பினான்.

"எங்கக்கா மேல சத்தியமா?"

நான் யாருக்கும் சத்தியம் செய்தவனல்லன். சொல்லே போதாதவர்கள்தாம் சத்தியம் செய்வார்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் செய்தேன். பாலம் முடிந்ததும் அவன் தன் தலையை இரண்டு கையாலும் தடவினான். ஒருவிரல் நுனியளவுக்குக் குறைவாக முடி குத்திட்டு நின்றது.

"அப்ப நான் என்ன பண்ணி வச்சிருக்கேன் மாமா?"

தாய் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கையில் மகன் அவளுக்காக மழித்த தலையோடு போய் நிற்பது, நீ எனக்குச் செத்துவிட்டாய் என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். இதைவிடப் பெரிய அமங்கலம் எங்கள் பக்கத்தில் இல்லை. மகன் முகத்துக்காகவே மூச்சைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு நான் கொண்டுபோவது அந்த முகத்தை. காரின் வேகத்தைக் கூட்டச் சொல்லவும் அஞ்சினேன், குறைக்கச் சொல்லவும் அஞ்சினேன்.

மலை ஏற ஏற மழைமேகம் சாலைக்கு இறங்கி வந்தது. எதிரே வந்த ஒரு ஜீப்பில் இருந்தவர்கள் எங்கள் காரை உற்றுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாக எனக்குத் தோன்றியது. இரண்டு நாளாக வீட்டுச் செய்தி ஏதும் இல்லை. இதற்குள்ளேயே எல்லாம் முடிந்திருந்தால், நான் செய்த சத்தியம் என்னாவது என்ற எண்ணம் எழுந்தது. முடிந்திருந்தால் இந்தத் தலை சரியாகிவிடும் என்ற எண்ணமும் அதன் பின்னாலேயே எழுந்தது. அதை நினைத்தவன் நான்தான். மறைக்க விரும்பவில்லை.

பழனி என்ற சொல் ஓட்டுநர் வாயிலிருந்து வந்தது. "மொட்டைன்னா எழவுக்கு மட்டுமாங்க போடுறாக? எங்க வீட்டுல வருசந்தவறாமப் பழனிக்குப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார் அவர் பாட்டுக்கு.

நான் அதைப் பற்றிக்கொண்டு, வீட்டில் சொல்லவேண்டிய கதையைக் கட்டினேன். தாய் பிழைக்கவேண்டும் என்று மகன் முருகனுக்கு நேர்ந்துகொண்டான். விமானம் இறங்கியதும் பழனி வழியாக வந்து முடியிறக்கிவிட்டு வந்தான். நேர்த்தி மொட்டை மங்கலமானது. அதை அவர் பார்த்து மகிழவும் கூடும். மைத்துனன் மறுத்தான். சாமி பேரில் பொய் வேண்டாம் மாமா என்று இரண்டு முறை சொன்னான். உன் அம்மாவுக்காக என்றேன். அப்படிச் சொன்னதில் அவருக்காக எவ்வளவு, தந்தி எழுதிய எனக்காக எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அடிமாலியில் ஒரு முடிவெட்டும் கடையில் நிறுத்தி, புதிதாகத் தெரியும்படி மறுபடி மழிக்கச் செய்தேன். கத்தியைத் தீட்டிக்கொண்டே கடைக்காரர் "ஆரா மரிச்சது?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். கண்ணாடியில் மைத்துனன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மூணாற்றில் சந்தனம் வாங்கிக் குழைத்து அவன் தலையில் நானே பூசினேன்.

ஓட்டுநரிடமும் பேசவேண்டியிருந்தது. அவர் என்னை முடிக்க விடவில்லை.

"பழனின்னாப் பழனி. நான் மூணாறு எந்தத் தெசையில இருக்குன்னுகூடப் பாத்ததில்லீங்கய்யா" என்றார். பிறகு "ஆனா காருக்குத் தெரியும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போடிமெட்டுச் சோதனைச் சாவடியில், மலையிலிருந்து ஏலக்காய் கடத்தி இறக்குகிறோமா என்று பார்க்கப் பையைத் திறந்தார்கள். கோடிச்சேலையையும் பன்னீரையும் பார்த்த காவலர் சந்தனத் தலையைப் பார்த்தார். பொருந்தாத இரண்டை ஒன்றாகக் கண்ட குழப்பம் அவர் முகத்தில் தெரிந்தது. கேள்வி கேட்காமல் தடுப்புக் கம்பை உயர்த்தினார். முதல் வளைவு திரும்பியதும் காரை நிறுத்திப் பன்னீர்ச் சீசாவைப் பள்ளத்தில் எறிந்தேன். விழுந்த ஓசை கேட்கவேயில்லை. சேலையை எறிய மைத்துனன் விடவில்லை. அதை இருக்கைக்கு அடியில் செருகிவைத்தேன்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி மேற்கிலிருந்து நேரே ஊருக்குள் நுழைந்தால் மலையிலிருந்து வருகிறோம் என்பது கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே வயல்களின் ஊடே வண்டிப்பாதையில் சுற்றி, கிழக்கே தேனிச் சாலையில் ஏறி, பழனியிலிருந்து வருகிறவர்கள் வரும் வழியில் வந்தோம். அந்தச் சுற்றுக்கு அரைமணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு நொடியும் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து அந்த அரைமணியை நான் எடுத்துக்கொண்டேன்.

விளக்கேற்றும் நேரம். வாசலில் செருப்புகள் அதிகம் கிடந்தன. உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். தம்பியின் தலையைப் பார்த்து வாயைப் பொத்தினாள்.

"பழனிக்கு நேர்ந்துக்கிட்டான். முடியிறக்கிட்டு வர்றோம்" என்றேன், கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.

அம்மையார் இருந்தார். கண்ணில் புரை விழுந்திருந்ததால் அவருக்கு மகன் முகம் தெளிவாகத் தெரியவில்லை. இடக்கையால் மகனின் கன்னத்தைத் தடவினார். கை மீசை இருக்கவேண்டிய இடத்தில் நின்றது. பிறகு மேலே ஏறி மழித்த தலையில் நின்றது. அவர் மகனிடம் எதுவும் கேட்கவில்லை. முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"மாப்பிள்ள, இது எதுக்குப் போட்ட மொட்ட?"

"பழனிக்கு அத்தை. உங்களுக்காக."

விரலை மூக்கருகே கொண்டுபோய்ச் சந்தனத்தை முகர்ந்தார்.

"மாப்பிள்ள சொன்னாச் சரிதான்" என்றார். வாய் கோணியிருந்தாலும் சொல் தெளிவாக விழுந்தது. "நானும் எந்திரிச்சு வந்து படியேறிக் கும்புடணும்."

மூன்று நாள் இருந்தார். அந்த மூன்று நாளும் அவரது இடக்கை மகன் தலையிலேயே இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் நேர்த்தியைப் பற்றிச் சொன்னார். மாப்பிள்ளையே சொன்னார் என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொண்டார். அந்த அறைக்குள் போவதை நான் குறைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் மயானத்தில், கொள்ளி வைக்கும் மகனுக்கு மழிக்கவேண்டிய முறைக்காக எங்கள் குடும்பத்து நாவிதர் அவனை உட்காரவைத்தார். மூன்று நாள் முடிதான் இருந்தது. தண்ணீர் தொட்டுத் தலையை நனைத்தவர் கையை எடுத்துவிட்டுத் தலையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிடரியையும் காதுக்குப் பின்னாலும் பார்த்தார். நான் அருகில் நின்றிருந்தேன். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"புதுசாப் பழனிக்குப் போட்ட தலை வெள்ளரிக்கா மாதிரி வெளுத்திருக்கும்ங்கய்யா. இது கழுத்தோட ஒண்ணாக் கறுத்திருக்கு. பல நாள் வெயில் குடிச்ச தலை."

கடற்கரையில் மழித்தபின் எட்டு நாள் தளத்து வெயிலில் நின்ற தலை. அடிமாலியில் முடியை எடுத்தேனே தவிர அந்த வெயிலை எடுக்கவில்லை. அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் முறைப்படி மழித்து முடித்தார். பம்பாய்ச் சேலை அன்று பயன்பட்டது.

துக்க வீட்டார் ஓராண்டு மலைக்கோவில் ஏறக்கூடாது. ஆகவே தாய் கேட்டபடி பழனிக்குப் போகாமலே மைத்துனன் திரும்பிப் போனான். போகும்போது கொச்சிவரை வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான்.

நாவிதர் அதன்பிறகும் பல ஆண்டுகள் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து எனக்குச் சவரம் செய்தார். மழை, விலைவாசி, பேரன் படிப்பு என்று எல்லாம் பேசுவார். கன்னம் முடிந்து, நாடியை ஒரு விரலால் உயர்த்தித் தொண்டையில் கத்தியை வைக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்துவார். அது தொழில் முறை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும், கண்ணை மூடிக்கொண்டு, எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவேயில்லை.