ரேடியோவும் சிக்குமுடி நாயும்

அந்த சலூன்காரருக்கு வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர் ரேடியோ. கத்தரி திறந்தால் வாயும் திறந்துவிடும். ஒரு தலை முடிவதற்குள் இரண்டு கல்யாணப் பேச்சும் ஒரு பங்காளிச் சண்டையும் முடிந்திருக்கும். பக்கத்துக் கடையில் சிலிண்டர் வெடித்து, அவர் கடைக் கண்ணாடிகள் பொலபொலவென்று உதிர்ந்த நாளோடு ரேடியோ நின்றுபோனது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் டம்ளர் உருண்டாலும் கை உதறியது. கத்தரி பட்டு ஒருவர் காதோரம் கசிந்த ரத்தத்தைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கியவர், ஐந்து மாதமாக ஏற்றவில்லை.

"எத்தன நாளைக்கு மோட்டுவளையவே பாப்பீங்க? பல்லியே வெக்கப்பட்டு எறங்கிடுச்சு" என்று மனைவி அவரைக் கிளப்பி, தன் தங்கை வேலை பார்க்கும் விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பினாள்.

அங்கே ஒரு நாய். யாரோ சங்கிலியில் கட்டி அடித்துப் போட்டது. யாராவது கையைத் தூக்கினால் மூக்கைச் சுவர் மூலையில் புதைத்துக்கொள்ளும். முடி பாயாகப் பின்னிக் கிடந்தது.

"உள்ள தோலு புண்ணாகுது மாமா. மயக்க ஊசி போட்டா இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்கதான் வெட்டணும்" என்றாள் கொழுந்தியாள்.

"எனக்கே கை நிக்கலம்மா."

"அதுக்கும்தான் நிக்கல. பொருத்தம் பிரமாதம்!"

பத்தடி தள்ளி உட்கார்ந்து வெறும் காற்றை வெட்டினார். கத்தரி ஆடினால் வாய் சும்மா இருக்குமா? ஊர்க்கதை முழுவதையும் நாய்க்குச் சொன்னார். தினமும் கொஞ்சம் நெருங்கினார். பத்தாவது நாள் மூக்கு சுவரை விட்டுத் திரும்பியது. மறுநாள் எவரோ தட்டுகளை மொத்தமாகக் கீழே போட, இருவருமே துள்ளினார்கள். யார் மடியில் யார் ஒளிந்தது என்பதில் இன்றுவரை அவருக்கும் கொழுந்தியாளுக்கும் தகராறு. நாயின் நடுக்கத்தை அமுக்கிப் பிடித்ததில், அவர் தன் நடுக்கத்தை மறந்தார். ஒரு சிக்கை வெட்டினார். பிறகு இன்னொன்று.

நான்கு நாளில் வேலை முடிந்தது. பழக்கதோஷம், கிருதாவை ஒதுக்கி, பிடரியில் கோடு எடுத்து, கைக்கண்ணாடியையும் நீட்டி, "போதுமா சார், இன்னும் கொறைக்கவா?" என்றார். நாய் கண்ணாடியைப் பார்த்து உறுமியது.

"புடிக்கலையாம் மாமா!"

ஷட்டர் ஏறியது. நாயும் கூடவே வந்து நாற்காலியடியில் படுத்தது. முடி வெட்டுவார், சவரக்கத்தியை மட்டும் தொடமாட்டார். ஒருநாள் சகலை தானாகவே வந்து கழுத்தை நீட்டினார்.

"பாத்துண்ணே, நான் புள்ளகுட்டிக்காரன்."

பாதி முகம் முடிந்தபோது வெளியே ஒரு பைக் படீரென்று வெடித்தது. நாய் நடுங்கியது. கத்தி சட்டென்று முகத்தைவிட்டு விலகித் தட்டில் அமர்ந்தது. அவர் குனிந்து நாயின் கழுத்தைத் தடவினார். "ஒண்ணுமில்ல, பைக்குதான்."

"அண்ணே, நானும் பயந்துட்டேன். என்னையும் தடவிக் குடுங்க."

"வரிசையில வா" என்றார் ரேடியோ.

நாய் அடங்கியது. நிமிர்ந்து தன் கையைப் பார்த்தார், லேசாக ஆடியது. அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, "தலையத் தூக்கு" என்று மீதிப் பாதியைத் தொடங்கினார். ஒரு கீறல் விழவில்லை. மூச்சுவிட மறந்தது சகலை மட்டும்தான்.