நைனாவுக்குப் போட்ட இறந்தகாலம்

எண்பதுகளின் தொடக்கத்தில், உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு டிஸ்பென்சரியில் புண்களுக்குக் கட்டுப் போடும் வேலையில் இருந்தேன். அதை நடத்திய கன்னியாஸ்திரி ஸ்பெயின்காரர். ஏறக்குறைய என் வயதுதான். மத்தியானம் நோயாளிகள் போனபின் நான் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பேன், அவர் எனக்கு ஸ்பானிஷ்.

நாம் 'கிணறு வெட்டிய மனிதர்' என்போம். ஸ்பானிஷில் மனிதரை முதலில் சொல்லிவிட்டு, 'கே' என்று ஒரு சொல்லைப் போட்டு, வெட்டியதைப் பின்னால் சொல்வார்கள். இறந்தகாலமும் இரண்டு. ஒருமுறை குடித்து முடிந்தால் 'பெபியோ'. குடிப்பதே வழக்கமாக இருந்தால் 'பெபீயா'. பழகுவதற்காக நானே ஒரு வாக்கியம் சொன்னேன்: அம்மா செத்த அன்று நைனா குடித்தார். பெபியோ. சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வருஷம் எங்களுக்கு மருந்து அனுப்புகிறவர்கள் ஸ்பெயினிலிருந்து வந்தார்கள். நைனா அன்று டிஸ்பென்சரியில் கூலிக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டர் அவரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். "எல் ஓம்ப்ரே கே பெபீயா" என்றார். எந்நேரமும் குடித்துக்கொண்டிருந்த மனிதர். இப்போது ஆண்டவர் கிருபையால் திருந்திவிட்டாராம். வந்தவர்களில் ஒரு அம்மாள் படம் எடுத்தாள். தன்னைப் புகழ்கிறார்கள் என்று நினைத்து நைனா கும்பிட்டார்.

"பெபியோ," என்றேன், அவர்கள் மொழியிலேயே. "ஒரே ஒரு நாள். என் அம்மாவைப் புதைத்த நாள்."

படம் எடுத்த அம்மாள் கேமராவை இறக்கினாள்.

அவர்கள் போனபின் சிஸ்டர், "தமிழ்ல ரெண்டுமே குடிச்ச ஆளுதானே? இப்படிச் சொன்னாத்தான் மருந்து வரும்," என்றார்.

"நீங்க பேசினது தமிழா சிஸ்டர்?" என்று கட்டுத்துணியை மேசைமேல் வீசினேன். டிஸ்பென்சரிக்கு இடம் கொடுத்த நிலக்காரரின் மகன் தினமும் குடித்துவிட்டு எங்கள் தெருவில் வந்து கத்துவான். அவனை மட்டும் வந்தவர்களிடம் 'நமக்கு இடம் கொடுத்த குடும்பம்' என்றுதான் அறிமுகப்படுத்தினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் நைனா கேட்டார்: "என்னப் பத்தி இன்னாமா சொன்னாங்க?"

"உன்ன குடிகாரன்னாங்க."

"வுடு. ஊருக்கு மருந்து வர்றத நீ கெடுத்துறாத."

சிஸ்டரைவிட அவர்மேல்தான் அன்றைக்கு அதிகம் கோபம் வந்தது.

மருந்து வந்தது. நானும் வேலையை விடவில்லை. தமிழ் சொல்லிக்கொடுப்பதைத்தான் நிறுத்தினேன். சிஸ்டர் இரண்டொரு முறை மன்னிப்புக் கேட்டார். நான் கட்டுத்துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை ஸ்பெயின்காரர்கள் வந்த அன்று, கூலி போனாலும் பரவாயில்லை என்று நைனா வீட்டிலேயே படுத்துக்கொண்டார்.