ஆள் போயிருக்கு

1. ஞாயிற்றுக்கிழமை. அக்கா தான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குக் கைக்காசுக் கொழுந்து எடுக்க வந்தாள். லீவு நாளில் எடுக்கிற கொழுந்தை நிறுத்து, அதற்குத் தனியாகக் கொடுக்கிற கூலிதான் கைக்காசு.
2. அவளுடைய பேர் அங்கே பதிந்திருக்கவில்லை. கல்யாணமாகிப் போன பக்கத்துத் தோட்டத்தில் பதிந்திருந்தது.
3. மலையில் நின்ற மரம் ஒன்றில் இருந்த குளவிக்கூடு கலைந்தது.
4. எல்லோரும் ஓடினார்கள். அதில் நான் குற்றம் சொல்ல எதுவுமில்லை.
5. அக்காவும் ஓடினாள். இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே எல்லையாக வெட்டியிருந்த வடிகாலான கானுக்குள் விழுந்தாள்.
6. குளவிகள் போய்விட்டன. ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள்.
7. நான் போய்ச் சேரும்வரை அவள் கானுக்குள்ளேயே கிடந்தாள்.

ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

நான் பதுளையில் ஒரு சர்வேயரின் அலுவலகத்தில் படம் வரையும் வேலை பழகி, அங்கேயே சேர்ந்திருந்தேன். ஞாயிறுகளில் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, எல்லைக் கான் ஓரமாக நடந்து அம்மாவின் லயத்து வீட்டுக்குப் போவேன். அன்று அக்காவின் மகளுக்குத் தின்னப் பணிஸ் வாங்கி வைத்திருந்தேன். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் அக்கா மலைக்குப் போயிருந்தாள். அத்தான் பதுளைச் சந்தைக்குப் போயிருந்தார்.

தூரத்தில் வரும்போதே கானின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பது தெரிந்தது. இந்தப் பக்கம் எங்கள் தோட்டத்து ஆட்கள். அந்தப் பக்கம் அவள் வாழ்க்கைப்பட்ட தோட்டத்து ஆட்கள். அவர்களும் அன்று கைக்காசுக்கு இறங்கியிருந்தார்கள். யாரோ ஏதோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். கிட்டே போனதும் கேட்டது.

"குளவிக்கு எல்லை எங்கிட்டு இருக்குன்னு தெரியுமா? பேர் பாத்தா கொட்டுது?"

என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. லயத்தில் அம்மாவுக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கும் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி. அக்காவத்தான் கொட்டிருச்சு. பயப்படாத, ஆள் போயிருக்கு."

அவர்கள் சும்மா நின்றார்கள் என்று சொன்னால் அது பொய். அக்காவின் முகமெல்லாம் சுண்ணாம்பு தடவியிருந்தது. தலைக்குக் கீழே ஒரு சாக்கை மடித்து வைத்திருந்தார்கள். மேலே நின்று ஒருத்தி குடை பிடித்தாள். சிந்திய கொழுந்தைக்கூடப் பொறுக்கிக் கூடையில் போட்டு, கூடையைக் கான் ஓரத்தில் சரியாமல் நிறுத்தியிருந்தார்கள். ஆளுக்கொரு சின்ன வேலை செய்துவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். அவளை மட்டும் யாரும் தூக்கவில்லை.

நான் கானுக்குள் இறங்கினேன். அக்காவின் உதடும் கண்ணும் வீங்கி மூடியிருந்தன. மூச்சு விசில் மாதிரி போய்வந்தது. என் கையைத் தொட்டாள். பேச முடியவில்லை.

"எங்க சித்தி ஆள் போயிருக்கு?"

"டிஸ்பென்சரிக்குத்தான்."

"யாரு போனது?"

சித்தி, வேலையை மேற்பார்க்கிற கங்காணி மாமாவைப் பார்த்தாள். மாமா தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பக்கத்துல இருந்து அனுப்பியிருப்பாங்க. பேரு அங்கதான இருக்கு? நம்ம டிஸ்பென்சரிக்குக் கொண்டு போனா, 'உங்க தோட்டத்துக்குப் போ'ன்னுதான் சொல்லுவாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் சத்தமாகச் சொன்னார்.

"நாங்க எதுக்குங்க அனுப்பணும்? உங்க மலையில, உங்க வேலையிலதான கொட்டுச்சு? நீங்க அனுப்பிட்டீங்கன்னுல்ல நாங்க நின்னுக்கிட்டு இருக்கோம்."

"அப்ப நீங்களாவது தூக்கியிருக்கலாமே அண்ணே."

"தூக்கலாம் தங்கச்சி. நாளைக்கு, 'இங்க ஒண்ணும் நடக்கல, அங்கதான் நடந்துச்சு'ன்னு உங்க தொரை சொல்லிட்டா? நட்டஈடு ஒரு சல்லி வராது. அந்தப் புள்ளைக்கு நல்லதுன்னுதான் விட்டு வச்சோம்."

அவர் உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஒருவரும் போகவில்லை. இரண்டு தோட்டத்தில் எந்தத் தோட்டத்திலிருந்தும் போகவில்லை. எல்லோரும், வேறு யாரோ அனுப்பிய ஆளுக்காகக் காத்திருந்தார்கள்.

வேலை பழகிய காலத்தில் சர்வேயரோடு வெளியில் அளக்கப் போயிருக்கிறேன். அளவுச் சங்கிலியை யாராவது பிடியுங்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் சங்கிலி தரையில்தான் கிடக்கும். நீ இந்த நுனி, நீ அந்த நுனி என்று ஆளைப் பார்த்துச் சொல்வார். நானும் அப்படியே சொன்னேன். குரலை உயர்த்தவில்லை.

"மாமா, நீங்க தல மாட்டைப் பிடிங்க. அந்தப் பக்கத்து அண்ணே, நீங்க கால் மாடு. சித்தி, உங்க கம்பளிய அவுத்துக் கீழ விரிங்க. குடை வச்சிருக்கிற அக்கா, நீங்க ஓடிப்போய் டிஸ்பென்சரியில சொல்லுங்க. எங்க தோட்டத்து டிஸ்பென்சரிதான் கிட்ட. அங்க போங்க."

உடனே இறங்கினார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை, எந்தப் பக்கம், யார் பேர் என்று கேட்கவில்லை. கம்பளியில் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஓடினார்கள். அவர்கள் எவ்வளவு வேகமாக ஓடக்கூடியவர்கள் என்று அன்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் நல்லது.

டிஸ்பென்சர் வாசலிலேயே நின்றார். எந்தத் தோட்டம் என்று அவரும் கேட்கவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்டே, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்றார்.

எனக்குப் பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "ஆள் வரலீங்க."

தோட்டத்து லொறி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் அக்காவின் மூச்சு நின்றுவிட்டது. அவள் தலை என் மடியில் இருந்தது.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். குழி வெட்டப் போகிறவர்களுக்குத் தோட்டத்தில் பேர் உண்டு, வேலைக்கு வந்ததாகவே பதிவார்கள். அன்றைய சம்பளம் குறையாது. நோயாளியைத் தூக்கிப் போகிறவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் பாடை தூக்க வந்தவர்கள் பேருக்காக வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு தோட்டத்திலிருந்தும் வந்து நிறைந்தார்கள். யார் முதலில் தோள் கொடுப்பது என்று வாக்குவாதம் வந்தது.

"பொறந்த எடத்து ஆளுகதான் மொதல்ல."

"எங்க வீட்டுக்கு வந்த புள்ளய்யா அது. நாங்க பாத்துக்கிட்டு நிப்பமா?"

பார்த்துக்கொண்டு நிற்பதைப் பற்றி அவர் அப்படிச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, எனக்கும் சிரிப்பு வரவில்லை. பாடை கானைக் கடப்பதற்குப் பலகை கொண்டுவந்து போட்டார்கள். கடந்ததும் எடுத்துப் போய்விட்டார்கள்.

இரக்கமில்லாதவர்கள் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அப்படிச் சொல்ல முடியவில்லை. என் சின்ன வயதில் எனக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். எந்தத் தோட்டத்து ஆள் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகுதான் கை நீட்ட வேண்டும் என்று அவர்கள் பழகியிருந்தார்கள். அக்காவுக்கு இரண்டு பதில் இருந்தது. அதனால் அவளைத் தொட ஆளில்லை.

நான் வரைகிற படங்களில் எல்லை என்பது ஒரு கோடு. அதற்கு அகலம் கிடையாது. அந்தக் கானில் ஓர் ஆள் படுக்க இடமிருந்தது.

கங்காணி மாமா இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறார்: "படிச்ச புள்ள வந்து ஒரு வார்த்த சொன்னதும் பறந்துல்ல தூக்குனோம்." பெருமையாகத்தான் சொல்கிறார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கிறாள். "அவுகள விட்டா நமக்கு வேற யாரு இருக்கா?" என்கிறாள்.

இப்போதுள்ள நிலைமை இதுதான். இரண்டு தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்துவிட்டது. வாசலில் பெயர்ப்பலகை மாறியிருக்கிறது, பேர்ப் பதிவும் டிஸ்பென்சரியும் இன்னும் தனித்தனி. விபத்து மலையில் நடந்ததா, கானில் நடந்ததா என்று முடிவாகாததால் நட்டஈடு வரவில்லை. அத்தான் இந்தியாவுக்குப் போய்விட்டார். அக்காவின் மகள் அம்மாவிடம் வளர்கிறாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். கங்காணி மாமாவுடன் பேசுவதில்லை. கானின் மேல் பலகை இல்லை.