தங்கத்தோல் கேட்ட பெரியப்பா

கிரேக்கர்களின் தங்க ஆட்டுத்தோல் கதையை யாரிடம் கேட்டாலும் கப்பலைச் சொல்வார்கள், தூங்காத பாம்பைச் சொல்வார்கள், துடுப்புப் போட்ட வீரர்களைச் சொல்வார்கள். அந்தப் பெரியப்பாவைச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். தம்பியின் அரியணையைப் பறித்து உட்கார்ந்திருந்தவர் அவர். தம்பி மகன் வளர்ந்து வந்து, எங்களுடையதைக் கொடு என்று நின்றான். கொடுக்கிறேன், முதலில் உலகத்தின் கோடியிலிருந்து தங்கத்தோலைக் கொண்டு வா என்றார். போனவன் திரும்பக் கூடாது என்பதுதான் திட்டம். அதற்கு வீரப் பயணம் என்று பெயர் வைத்து இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்!

இந்தக் கட்சியை நான் எடுத்தது ஒன்பது வயதில், எழுபதுகளின் நடுவில், குவைத்தில். மங்காஃபில் வீடு. அப்பா எண்ணெய்க் கம்பெனியில் டெக்னீஷியன், அம்மா நர்ஸ். தூத்துக்குடிக்குக் கடிதத்தைவிடக் கேசட்தான் அதிகம் போகும். வெள்ளிக்கிழமை டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பேசுவோம். லீவில் ஊருக்குப் போகிற யாராவது கொண்டு போவார்கள். அங்கிருந்து வரும் கேசட்டில் முதல் குரல் எப்போதும் அப்பாவின் அண்ணனுடையது. தோத்திரம் சொல்லி, நலம் விசாரித்து, இந்தத் தடவை என்ன நகை வேண்டும் என்பதில் வந்து முடியும். மூத்த அத்தை கல்யாணம் முடியட்டும், ஊர் வீட்டில் உன் பங்கை எழுதித் தருகிறேன் என்றவர், அடுத்த அத்தை, கடைசி அத்தை என்று தள்ளிக்கொண்டே போனார். அம்மாவின் வளையல்களும் அந்த வழியாகவே போயிருந்தன. எனக்கு அதெல்லாம் ஊருக்கு மிட்டாய் கொண்டுபோவது மாதிரி ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

அன்றைக்கு என் முறை. பள்ளியில் அந்த வாரம் படித்த தங்கத்தோல் கதையை மூச்சு விடாமல் மைக்கில் சொன்னேன். கொடுமைக்காரப் பெரியப்பாவுக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. கைவசம் இருந்தது ஒன்றுதான். எங்கள் பெரியப்பாவின் இழுவையையே போட்டேன். “தங்கத்தக் கொண்டு வாடே... பங்கத் தாரேன்.”

அப்பா பட்டனைத் தட்டி நிறுத்தினார்.

“ஏட்டி, அந்தப் பெரியப்பா வேண்டாம். யாரோ ஒரு ராஜான்னு மாத்திச் சொல்லு.”

“புக்குல அப்பாவோட அண்ணன்னுதான்ப்பா போட்டிருக்கு.”

“புக்குக்காரனா ஊருக்குப் போயி பதில் சொல்லப்போறான்?”

“யாரோ ராஜான்னா அது வேற கதை. மாத்த மாட்டேன்.”

“அடி வாங்காத.”

“அடிங்க. மாத்த மாட்டேன்.”

கதவு தட்டப்பட்டது. ஊருக்குப் போகிறவர். “யல்லா அண்ணாச்சி, சீக்கிரம், டாக்ஸி நிக்கி!”

ஒரு நிமிஷம் என்று அப்பா வாசலுக்கு ஓடினார். திரும்பி வந்ததும் என் கதைக்கு மேல் வேறு எதையாவது பதிந்து அழித்துவிடுவார். நான் டேப் ரெக்கார்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அம்மா என் கைகளை விலக்கினாள். கேசட்டை வெளியே எடுத்தாள். கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, கேசட்டின் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் சில்லுகளையும் நெம்பி உடைத்தாள். அவை போய்விட்டால் அந்தக் கேசட்டில் அப்புறம் எதையும் பதிய முடியாது. ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி உள்ளே வைத்தாள்.

அப்பா வந்து பட்டனை அழுத்தினார். இறங்கவில்லை. பலம் கொண்டமட்டும் அழுத்தினார். கேசட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“வேற கேசட் இல்லங்க,” என்றாள் அம்மா. “பிள்ள நல்லாத்தான சொல்லியிருக்கு. கேக்கட்டும்.”

“யல்லா!” என்றது வாசல். அப்பா கொடுத்துவிட்டார்.

என் கதைத்திறமைக்குக் கிடைத்த வெற்றி என்று பள்ளி முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அடுத்த மாதம் ஊரிலிருந்து கேசட் வந்தது. கடைசி அத்தை பேசினாள். பெரியம்மா மழையைப் பற்றிச் சொன்னாள். பெரியப்பா பேசவே இல்லை, யாரும் நகை கேட்கவும் இல்லை. உயிரைக் கொடுத்து நடித்ததற்கு ஒரு வார்த்தை பாராட்டு இல்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மாவோ டியூட்டி முடிந்து வந்ததும் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டு, ஒரு வாரம் முழுக்க அதையே கேட்டுக்கொண்டு சமைத்தாள். அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று எனக்கு விளங்கவேயில்லை.