மாடி வீடுகளின் பட்டியல்

கரவெட்டியில் ஒரு முதியோர் இல்லம். அதன் கூரையை மாற்ற யாரிடம் உதவி கேட்கலாம் என்று தேடித் தருவது சாருஜாவின் வேலை. இல்லத்தின் தலைவர் ஏகாம்பரத்துக்கு அது வேலையாகவே தெரியவில்லை.

"ஆரிட்டைக் காசு இருக்கெண்டு பாக்க ஒரு ஆள் வேணுமே, பிள்ளை? றோட்டாலை போனால் மாடி வீடு தெரியுந்தானே!"

கூட்டத்துக்குக் கூட்டம் இதே பல்லவி. கடைசியில் மனிசன் மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றி, மாபிள் பதித்த மதில்களைப் பார்த்துப் பட்டியலே எழுதிவிட்டார். பாதி வீடுகளில் பூட்டுத்தான் தொங்கியது, சொந்தக்காரர் கனடாவில். மீதி வீடுகளில் பால் விடாத பிளேன்ரீயும் புத்திமதியும் கிடைத்தன.

சாருஜா மதில்களைப் பார்ப்பதில்லை. தாய் தகப்பனின் திவசத்துக்கு இல்லத்தில் சாப்பாடு கொடுத்தவர்களின் பெயர்களைப் இல்லத்தின் பழைய கணக்குக் கொப்பிகளில் தேடி எடுத்து, அவர்களிடம் போனாள். சைக்கிள் திருத்தும் பரஞ்சோதி கேட்டவுடனேயே பத்துக் கூரைத் தகரத்துக்குப் பொறுப்பேற்றார். மிச்சத்துக்குச் சுவிசில் இருக்கும் தம்பியோடு அப்போதே போனில் கதைத்தார்.

"உவனிட்டை என்ன இருக்கெண்டு போனனீ?" என்று இளித்தார் தலைவர். "கொப்பியைக் கிண்டினால் காசு வருமே?"

"பரஞ்சோதி அண்ணையின்ரை பேர் பதினாறு தரம் இருந்தது, சேர்" என்றாள் சாருஜா. "உங்கடையும் மாடி வீடுதானே. உங்கடை அம்மா தவறி ஒன்பது வருசம். கொப்பியிலை உங்கடை பேரைத்தான் இன்னும் தேடுறன்."